புயல் ஊரில் பழைய மரங்களோடு குடியிருக்க

கடற்கரை மாவட்டத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருப்பீர்கள், அல்லது தாத்தா வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பீர்கள். பத்திரத்தில் மனையும் கட்டடமும்தான் எழுதியிருக்கும். கூடவே கொல்லையில் ஒரு மாமரம், வாசலில் ஒரு வேம்பு, வேலியோரம் நாலைந்து தென்னை, யார் வைத்தது என்றே தெரியாத ஒரு தூங்குமூஞ்சி மரம் எல்லாம் சேர்ந்து வந்திருக்கும். ஐப்பசி மழையில் அந்தத் தூங்குமூஞ்சியின் கிளை ஓட்டுக்கு மேல் ஆடும்போதுதான் பலருக்கு அதன் நினைப்பே வரும். அப்போது செய்ய அதிகம் இருக்காது.

நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டில் பெரிய மரங்கள் ஏழு இருந்தன. விடிந்து பார்த்தால் மூன்றுதான் நின்றன: ஒரு மா, ஒரு பலா, ஒரு புன்னை. விழுந்தவை ஒரு மா, ஒரு வேம்பு, இரண்டு தென்னை. தென்னை ஒன்று காரணமே இல்லாமல் போனது. நல்ல மரம்தான், அந்தக் காற்றுக்கு நடுவில் முறிந்துவிட்டது. மற்ற மூன்றும் அன்றைக்கு விழவில்லை என்றுதான் சொல்வேன். பல வருஷம் முன்பே நாங்களே விழ வைத்திருந்தோம், காற்று வந்து முடித்துக் கொடுத்தது. எப்படி என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறேன், அதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

முதலில் அடிமரம்

மரத்தைப் பார்க்கச் சொன்னால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் குந்தி உட்கார்ந்து பாருங்கள்.

நல்ல மரத்தின் அடி தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல் அகன்று, வேர்கள் புறப்படும் மேடுகள் கண்ணுக்குத் தெரியும். உங்கள் மரம் மின்கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால், யாரோ அடியில் மண்ணைக் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். மனையை மேடாக்கும்போது கொட்டிய மண், செடி வைக்கக் கட்டிய பாத்தி, உட்காரக் கட்டிய சிமென்ட் மேடை, எதுவாகவும் இருக்கலாம். எங்கள் வேம்புக்கு நடந்தது இந்த மேடைதான். அப்பா நண்பர்களோடு உட்கார ஆசைப்பட்டு, இரண்டடி உயரத்துக்கு வட்டமாகக் கட்டி உள்ளே மண் நிரப்பி, மேலே சிவப்பு சிமென்ட் பூசினார். பதினைந்து வருஷம் ஊர்க்கதை எல்லாம் அதன் மேல்தான் நடந்தது. கஜாவுக்குப் பிறகு மேடையை உடைத்தபோது, மண் மூடியிருந்த பகுதியில் பட்டையே இல்லை. ஈர அட்டை மாதிரி உரிந்து, கீழே கட்டை பழுப்பாகிக் கறையான் பிடித்திருந்தது. மேடைக்கு மேலே அதே மரம் பச்சைப்பசேல் என்று இருந்தது. அடிமரத்துப் பட்டை காற்றுப்பட இருக்க வேண்டியது. மண்ணுக்குள் போனால் ஊறி அழுகும்.

ஆகவே உங்கள் முதல் வேலை, கையாலோ சிறு களைக்கொத்தாலோ அந்த மண்ணை மெதுவாக எடுத்து வேர்மேடு தெரியும்வரை திறந்துவிடுவது. கடப்பாரை வேண்டாம், பட்டை காயப்படும். மேடையாக இருந்தால் உடைத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் வருத்தப்பட்டால் இரண்டு கல்பெஞ்சு வாங்கிப் போடுங்கள்.

அடுத்தது வேர் எவ்வளவு தூரம் போகிறது என்பது. ஆணிவேர் ஆழமாக இறங்கி மரத்தைப் பிடித்திருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டு மூன்று அடி மண்ணுக்குள்ளேயே படர்ந்து, கிளை விரிந்த எல்லையையும் தாண்டி ஓடியிருக்கும். திருவிழாக் கொட்டகையை நாலு பக்கமும் கயிறு இழுத்துப் பிடிப்பதைப் போலத்தான் அவை மரத்தைப் பிடிக்கின்றன. காற்று வடக்கிலிருந்து தள்ளினால் வடக்குப் பக்கத்து வேர்கள்தான் இழுவிசையைத் தாங்க வேண்டும்.

எங்கள் மாமரத்துக்கு வடக்குப் பக்க வேரே இல்லை. மதில் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது மேஸ்திரி குறுக்கே வந்த வேர்களை நறுக்கிவிட்டு, "மாமரத்துக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றார். ஆகவும் இல்லை, ஒன்பது வருஷம் நன்றாகக் காய்த்தது. விழுந்த பிறகு வேர்த்தட்டை, அதாவது மண்ணோடு பெயர்ந்து வந்த வேர்க்கூட்டத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் ரம்பம் வைத்தது போல் நேர்கோடு. வெட்டிய முனைகள் கறுத்து, விரலால் நோண்டினால் தூளாக வந்தன. காற்று வடக்கேயிருந்துதான் முதலில் அடித்தது. மரம் அடுப்படிக் கொட்டகை மேல் தெற்காகச் சாய்ந்தது.

இதற்கு ஒரு கயிற்றுக் கணக்கு வைத்திருக்கிறேன். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, அந்தச் சுற்றளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அடிமரத்திலிருந்து அந்தக் கயிற்றைப் போல் நான்கு மடங்கு தூரம்வரை பள்ளம் தோண்டாமல் இருப்பது நல்லது. ஒரு கயிறு தூரத்துக்குள் வேர் வெட்டுப்பட்டால் மரம் நிற்பதே சந்தேகம். செப்டிக் டேங்க், போர்வெல் குழாய், மதில், வாய்க்கால் எது போட்டாலும் முதலில் கயிறு. மதில் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் தொடர் அஸ்திவாரத்துக்குப் பதில் தூண் குழிகள் எடுத்து, மேலே பீம் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். வேர்கள் இடையில் போய்க்கொள்ளும்.

நீங்கள் அந்த வீட்டுக்கு வரும் முன்பே யாராவது வேரை வெட்டியிருந்தால்? தோண்டிப் பார்க்காமலே சில தடயம் கிடைக்கும். புது மதில், புது சிமென்ட் தளம், புதுச் சாலை இதெல்லாம் மரத்துக்கு எவ்வளவு அருகில் என்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பத்து வருஷத்துக்கு முன் தோண்டியதுகூட ஊருக்கு நினைவிருக்கும்.

தட்டிப் பார், சுற்றிப் பார்

ஒரு மரச்சுத்தியல் அல்லது கொட்டாப்புளி எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து தோள் உயரம்வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். கெட்டிக் கட்டை "டொக்" என்று குறுகிய ஓசை தரும். பொந்து உள்ள இடம் தவில் மாதிரி அதிரும். பொந்து இருந்தாலே மரம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. குழாய் எப்படி நிற்கிறதோ அப்படி நிற்கும், ஓரச் சுவர் தடிமனாக இருக்கும்வரை. ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கெட்டிக் கட்டை சுற்றிலும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டடிக் குறுக்களவு மரம் என்றால் நாலங்குலம். பொந்துக்குள் சிமென்ட் அடைப்பதை மட்டும் செய்யாதீர்கள். மரம் ஆடும், சிமென்ட் ஆடாது. உரசி உரசி உள்ளே இன்னும் கெடும், தண்ணீரும் தேங்கும்.

அடியில் தட்டுத் தட்டாகக் காளான் பிடித்திருந்தால் அது பொந்தைவிட மோசமான சேதி, வேர் அழுகுகிறது. ஒரு பக்கம் மண் வெடித்து மேலே தூக்கியிருந்தால் அதைவிட மோசம். சாய்ந்த மரம் எல்லாம் ஆபத்தில்லை. சின்ன வயசிலிருந்தே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து, நுனி மறுபடி நிமிர்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்ற பலத்தோடுதான் இருக்கும். அடி முதல் நுனிவரை ஒரே கோடாகச் சாய்ந்து, எதிர்ப்பக்கம் மண் விரிசல் விட்டிருந்தால் அந்தச் சாய்வு புதிது. அதன் கீழ் கட்டில் போட்டுத் தூங்க வேண்டாம்.

இனி மேலே பார்க்கலாம். பட்டுப்போன கிளைகள், மாவில் மரத்தூள் கொட்டும் தண்டுத் துளைப்பான் ஓட்டைகள், அப்புறம் கவை. இரண்டு பெருங்கிளைகள் இறுக்கமான கவட்டை போல நெருங்கிப் பிரிந்து, நடுவில் பட்டை உள்மடிந்து ஒரு கோடு தெரிந்தால் அந்த இணைப்பில் பலமில்லை. அகலமாகப் பிரிந்த கவைதான் நல்லது. ஆடி மாதம் ஒரு சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காற்றில் மரம் எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். அம்மி நகர்கிறதோ இல்லையோ, பலவீனமான கவை தனியாக வாய் திறப்பது தெரியும்.

வேம்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தை ஒட்டி வேப்பமரத்தின் நுனிகள் எல்லாம் நெருப்பில் வாட்டியது போல் கருகுவதைச் சில வருஷமாகப் பார்க்கிறோம். பூஞ்சாணத்தால் வரும் நுனிக்கருகல் அது. மரம் செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் கோடையில் துளிர்த்துவிடும்.

மொட்டையடிக்காதீர்கள்

கஜாவுக்கு அடுத்த வருஷம் எங்கள் தெருவில் பாதி மரங்களை மொட்டையடித்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பெரியவர் அரிவாளோடு வந்தார்.

"தம்பி, கழுத்தோட எடுத்துட்டா மூணு வருஷத்துக்கு உங்களுக்குக் கவலை இல்லை."

"மூணு வருஷம் கழிச்சு, ஐயா?"

"அப்ப மறுபடி கூப்பிடுங்க."

அவர் தொழிலுக்கு அது சரி. மரத்துக்குச் சரியில்லை. கழுத்தோடு வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகப் போத்துகள் கிளம்பும். அவை கட்டையின் உள்ளிருந்து வளர்ந்தவை இல்லை, பட்டைக்கடியில் ஒட்டிக்கொண்டவை. மூன்று நான்கு வருஷத்தில் மணிக்கட்டுப் பருமனாகி, வெட்டுவாய் அழுகிய கட்டை மேல் நிற்கும். அடுத்த புயலில் முதலில் பிய்வது அவைதான். வயசான மரத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. இலைதான் அதன் சமையல்கட்டு. எல்லா இலையையும் எடுத்துவிட்டால் சேமித்து வைத்ததைச் செலவழித்துத் துளிர்க்கும். வேருக்குப் போக மிஞ்சாது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். அதனால் தலையின் கனத்தைக் கொஞ்சம் குறைப்பதில் பலன் உண்டு. ஆனால் குறைக்கும் விதம் வேறு. பட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, ஓட்டுக்கு மேல் நீண்ட கிளையின் நுனி, இந்த வரிசையில் போங்கள். உள்கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் தழை விட்டு வைத்தால் கிளை தூண்டில் கம்பு மாதிரி ஆடி முறியும். வெட்ட வேண்டியது வெளிநுனியில். நடுவயது மரத்தில் ஒரு தடவைக்குத் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம், கிழட்டு மரத்தில் அதிலும் பாதி போதும்.

காலம்: மா என்றால் காய்ப்பு ஓய்ந்த பின். மொத்தத்தில் ஆடியில் பார்த்து ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். காயம் மூட மரத்துக்கு இரண்டு மாதமாவது கிடைக்கும். புயல் சின்னம் உருவாகிவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகு ஆள் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தவரும் அவசரத்தில் மொட்டையடித்துவிட்டுப் போவார்.

பெருங்கிளை வெட்டும்போது மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பம் போடுங்கள். அதற்குச் சில அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை தன் கனத்தால் அங்கே ஒடிந்து விழும், பட்டையை உரித்துக்கொண்டு போகாது. மிச்சம் நிற்கும் முண்டை மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும். கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம் போட்டது போல் ஒரு புடைப்பு இருக்கும். அந்த மோதிரத்தை விட்டுவிட்டு, அதை ஒட்டி வெளியே அறுங்கள். அடிமரத்தோடு வழித்து எடுத்தால் மோதிரம் போய்விடும், காயம் மூடாது. முண்டு விட்டாலும் அது செத்து, அழுகல் உள்ளே இறங்கும். அரிவாளால் இதெல்லாம் வராது. கைரம்பம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மா, பலாவில் வெட்டுவாய்க்குப் போர்டோ பசை தடவுவது நம் தோட்டக்காரர்கள் வழக்கம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் செய்யுங்கள், இரும்புப் பாத்திரம் அரிக்கும். தாரும் பெயின்ட்டும் பூச வேண்டாம்.

மின்கம்பி பக்கத்துக் கிளையை நீங்கள் தொடக்கூடாது, கூப்பிட்ட ஆளையும் தொடவிடக்கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அவர்கள் லைனை நிறுத்தி வெட்டட்டும். தெருவில் நிற்கும் மரம் உள்ளாட்சியுடையது, உங்கள் ஓட்டின் மேல் சாய்ந்திருந்தாலும் எழுதிக் கொடுத்துத்தான் வெட்ட முடியும். ஆடியிலேயே எழுதிக் கொடுங்கள்.

தென்னை

தென்னைக்கு மேலே சொன்ன வெட்டு எதுவும் பொருந்தாது. அதற்கு ஒரே குருத்து. காய்ந்த மட்டைகளையும், கிடைமட்டத்துக்குக் கீழே தொங்கும் மட்டைகளையும் எடுக்கலாம். மழைக்காலத்துக்கு முன் முற்றிய குலைகளை இறக்கிவிடுவதும் புயல் எச்சரிக்கை வந்தால் இளநீர்க் குலையையும் சேர்த்து இறக்குவதும் பாரம் குறைக்கும். காற்றில் பறக்கும் தேங்காய் பக்கத்து வீட்டு ஓட்டையும் உடைக்கும். நிமிர்ந்த மட்டைகளைச் சீவிப் பூச்செண்டு மாதிரி விட வேண்டாம்.

அடியில் செம்பழுப்பாகச் சாறு வடிந்திருந்தால் தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். எங்கள் இரண்டாவது தென்னை அதனால்தான் போனது. இரண்டு வருஷமாகச் சாறு வடிந்ததைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். ஆரம்பத்திலேயே என்றால் வருஷத்துக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, தொழுஉரம், அதோடு ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம், மரத்துக்கு மரம் தண்ணீர் பாயாமல் தனித்தனி வட்டப்பாத்தி என்று சமாளிக்கலாம். அடியில் காளான் வந்துவிட்டால் மரத்தை எடுத்துவிடுங்கள். பக்கத்து மரங்களாவது பிழைக்கும்.

முட்டும் கட்டும்

கிடையாக நீண்ட பலாக்கிளைக்கு முட்டுக்கால் கொடுப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. கிளை படும் இடத்தில் பழைய டயர்த்துண்டு வையுங்கள். கம்பியையோ நைலான் கயிற்றையோ மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு மறக்காதீர்கள். மரம் பருக்கும்போது கம்பி சதைக்குள் இறங்கி அந்த இடத்திலேயே ஒடியும். பலவீனமான கவையை எஃகு வடம் போட்டுப் பிணைப்பது ஆள் தெரிந்து செய்ய வேண்டிய வேலை.

புயல் வரும் அன்று

மரத்தடியில் நிற்கும் வண்டியை நகர்த்துங்கள். எந்த மரம் விழுந்தால் எந்த அறைமேல் விழும் என்று பகலிலேயே பார்த்து, அன்றிரவு படுக்கையை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். கடைசி நேரத்தில் மரத்தில் ஏற வேண்டாம்.

புயலின் கண் உங்கள் ஊர் வழியே போனால் நடுவில் காற்று சட்டென்று அடங்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது அப்படித்தான், முடிந்தது என்று பலர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப வந்தது. முதல் காற்றில் ஒரு பக்கம் வேர் அறுந்து தளர்ந்து நிற்கும் மரங்கள் இரண்டாவது காற்றில் விழும். வானொலியில் கடந்துவிட்டது என்று சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

விடிந்த பிறகு

முதலில் கம்பி. விழுந்த மரத்தடியில் மின்கம்பி கிடக்கிறதா என்று தெரியாமல் கிட்டே போகாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னையில் மாநகராட்சிக்கு 1913.

மெஷின் ரம்பம் வைத்திருக்கும் ஆட்கள் அன்றைக்கு ஊர் ஊராக வருவார்கள். வேர்த்தட்டோடு சாய்ந்த மரத்தை நடுவில் அறுத்தால் பாரம் விட்டதும் வேர்த்தட்டு படாரென்று குழிக்குத் திரும்பும். குழிப்பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். மேலே தொற்றிக்கொண்டு நிற்கும் முறிந்த கிளைக்குக் கீழேயும் நிற்காதீர்கள்.

காலளவு பருமனுள்ள இளமரம் சாய்ந்திருந்தால் காப்பாற்றலாம். வேர்மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடி, ஓரிரு நாளில் நிமிர்த்துங்கள். குழியை முதலில் ஆழப்படுத்திவிட்டுத்தான் நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வேர் மடங்கும். மூன்று பக்கம் அகலப் பட்டையால் கட்டி ஒரு வருஷம் விடலாம். பெரிய கிழமரம் வேரோடு விழுந்தால் எழுப்பி நிறுத்துவதில் பயனில்லை. நின்றாலும் நம்ப முடியாது.

நிற்கிற மரங்களில் இலை ஒன்றும் இருக்காது, உப்புக்காற்றில் கருகிக் கிடக்கும். எங்கள் பலா அப்படி மூன்று கிளை முண்டோடு நின்றது. சொந்தக்காரர்கள் எல்லோரும் விறகுக்குப் போடச் சொன்னார்கள். நகத்தால் பட்டையைக் கீறினேன், உள்ளே பச்சை. பிய்ந்த கிளைகளை மட்டும் சீராக அறுத்துவிட்டு விட்டோம். தை கடைசியில் துளிர் வந்தது. கடல்நீர் ஏறிய மண்ணாக இருந்தால் நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கழுவ வேண்டும்.

அடுத்த மரம்

எடுத்துவிட வேண்டும் என்று முடிவான கிழமரத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே பக்கத்தில் வாரிசு வைத்துவிடுங்கள், நிழல் போய்விடுமே என்ற பயத்தில் ஆபத்தான மரத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. வர்தாவில் சென்னையில் அதிகம் விழுந்தவற்றில் தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, இயல்வாகை எல்லாம் உண்டு. சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்தவை. கடலோரத்துக்குப் புன்னை, பூவரசு, புங்கை, மகிழம், உள்ளே தள்ளி இலுப்பை, நாவல். நர்சரியில் வாங்கும் கன்றின் பையைப் பிரித்து வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றியிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது முதிர்ந்தாலும் தன் வேரிலேயே தூக்கு மாட்டிக்கொண்டு நிற்கும்.

எங்கள் வேம்பு நின்ற இடத்தில் இப்போது ஒரு புன்னை. விதை போட்டு அங்கேயே முளைத்தது, ஆளுயரம் தாண்டிவிட்டது. அப்பா மறுபடி சுற்றி ஒரு சின்ன மேடை கட்டலாமா என்று கேட்டார். கல்பெஞ்சு வாங்கி, நாலு கயிறு தள்ளிப் போட்டிருக்கிறேன்.